நாய்க்கு முன்னால் ஓடிய எறும்பு

நம் அலுவலக அறையில் கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் உள்ள பெயர்களில் பாதி வாயில் நுழையாது. போன வாரம் நீங்கள் இருவரும் வந்திருந்தபோது சின்னவன் அதை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இவங்கள்லாம் யாருப்பா, நமக்குச் சொந்தமா?" என்று கேட்டான். "ஆமா, தூரத்துச் சொந்தம்" என்று சொல்லி வைத்தேன். பெரியவள் நம்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அது பொய்தான். அதைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும் என்று உங்கள் அம்மா சொன்னாள். எழுதியதை அவள் படித்துப் பார்த்த பிறகே உங்களுக்குத் தருவேன், ஏனென்றால் இதில் அவள் தம்பியும் வருகிறான். போன வருடம் இரண்டு மாதம் மாமா ஏன் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அதற்கும் பதில் இதில் இருக்கிறது.

முதலில் என் பழைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேண்டேஜ் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் பதினெட்டு வருடம் இருந்தேன். தறியில் நெய்த துணி பிளீச்சிங் போய் வெள்ளையாகி எங்களிடம் வரும். ஒவ்வொரு சுருளிலும் பிளீச்சிங் பட்டறைக்காரர்களின் சீட்டு ஒன்று நூலில் கட்டித் தொங்கும். சில சுருள்களின் ஓரத்தில் தறிக்காரர் மையால் போட்ட குறி மங்கலாக மிஞ்சியிருக்கும். சீட்டை அறுத்துச் சாக்கில் போட வேண்டும், குறி உள்ள ஓரத்தைக் கத்தரிக்க வேண்டும். அதன் பிறகுதான் துணியை வெட்டி, மடித்து, வாங்குகிற கம்பெனியின் லேபிளை ஒட்டிப் பெட்டியில் அடைப்போம். நெய்தவர் யார், வெளுத்தவர் யார், மடித்தவர் யார் என்று பெட்டியில் ஒரு எழுத்து இருக்கக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டிக்குள் பிளீச்சிங் சீட்டு ஒன்று தவறிப் போய்விட்டது. லாட் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அந்தச் சீட்டை என் சட்டைப் பையில் குத்தி நாள் முழுக்க அப்படியே நிற்க வைத்தார். அன்றிலிருந்து வேறொருவர் பெயரைச் சரக்கில் பார்த்தால் என் கை தானாக அதைக் கிழிக்கப் போகும்.

உங்கள் மாமா சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். எந்த லாட் எந்த நாளில் ஸ்டெரிலைஸ் ஆனது, எந்தப் பெட்டியில் போனது, எப்போது காலாவதி ஆகும் என்றெல்லாம் நம் ஊர்ப் பேண்டேஜ் கம்பெனிகள் நோட்டில் எழுதித் திண்டாடுவது அவனுக்குத் தெரியும். அதற்கு ஒரு சாப்ட்வேர் கொண்டு வருகிறேன் என்றான். "தொழில் உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் எனக்குத் தெரியும். நீங்க கூட இருந்தா போதும் அத்தான்" என்றான். வேலையை விட்டுவிட்டு அவனோடு சேர்ந்தேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஓர் அறை. கம்பெனியை என் பெயரில் பதிவு செய்தோம். அவனுக்கு அப்போது சொந்த முகவரி இல்லை, எனக்கு இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சாப்ட்வேருக்கு அடையாளப் படம் நம் ராஜபாளையத்து வெள்ளை நாய். படத்தை வரைந்தது பெரியவள். காது கொஞ்சம் ஆட்டுக் காது போல இருந்தாலும் மாமா அதையே வைத்துக்கொண்டான்.

செட்டியார்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. எங்களிடம் வாங்கிய முதல் பெரிய இடம் அதுதான். ஒரு நாள் அங்கே கரண்ட் போய் வந்தது. முதலாளி பக்கத்தில் நிற்க, நான் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். நாய் வருவதற்கு முன்னால் திரையில் இரண்டு நொடி வேறொரு படம் வந்து போனது. ஒரு சிவப்பு எறும்பு. அதற்குக் கீழே ஏதோ வெளிநாட்டுப் பெயர்.

"என்னய்யா இது, உங்க நாய்க்கு முன்னாடி எறும்பு ஓடுது?" என்றார் முதலாளி.

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கது" என்று சொல்லிச் சிரித்தேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள எறும்பா? சீனி எதுவும் போட்டீரோ?"

அவரும் சிரித்தார். எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை. உங்கள் மாமா எல்லா இடத்திலும் "நாங்க செஞ்சது" என்றுதான் சொல்லி வந்தான். நாம் செய்த பொருளுக்குள் இன்னொருவன் குறி எப்படி வந்தது? சுருளுக்குள் சீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அறைக்கு வந்ததும் கேட்டேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அய்யோ, அந்தப் படத்தை மாத்த மறந்துட்டேன் அத்தான். அது அவங்க அடையாளம், நமக்கு வரக்கூடாது. இன்னைக்கே எடுத்துருதேன்."

"எவிய அடையாளம்?"

"அடியில இருக்க சாப்ட்வேர செஞ்சவங்களோடது. ஓப்பன் சோர்ஸ் அத்தான். எழுதினதை அப்படியே ஊருக்குத் திறந்து விட்டுட்டாங்க. யாரு வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"எத்தன வருச வேலை அது?"

"பல பேரு சேந்து பத்துப் பதினஞ்சு வருசம் செஞ்சிருப்பாங்க. அதுக்கு மேலதான் நான் ஸ்டெரிலைஸ் லாட்டு, காலாவதி, தமிழ் எல்லாம் எழுதிச் சேத்திருக்கேன்."

"பதினஞ்சு வருசம் செஞ்சதை எவன்லே சும்மா குடுப்பான்? நம்ம ஊருல ஒரு முழம் காடாத் துணி சும்மா குடுப்பானா?"

"துணி வேற, இது வேற அத்தான். அதுக்குன்னு லைசென்ஸ் இருக்கு, படிச்சுப் பாருங்க" என்றான். அவன் வேறு வேலையாக இருந்தான். நானும் படிக்கவில்லை. அது முழுக்க இங்கிலீஷ்.

அன்று மாலையே அவன் எறும்பை எடுத்துவிட்டான். எனக்கு அதுவே சந்தேகமாகப் பட்டது. நியாயமாக வந்த சரக்கு என்றால் படத்தை ஏன் இவ்வளவு அவசரமாக எடுக்க வேண்டும்? தடயத்தை மறைக்கிறான் என்று நினைத்தேன். சந்தேகம் ஒரு தடவை வந்துவிட்டால், அவன் தண்ணீர் குடிப்பதில்கூடக் காரணம் தெரியும் நமக்கு.

புது இடங்களில் சாப்ட்வேரை ஏற்றிக் கொடுப்பது என் வேலை. அவன் பென் டிரைவில் போட்டுத் தருவான். நான் அதை அங்கே காப்பி செய்து, ஒரு கோப்பைத் திறந்து வாங்குகிறவர்களின் கம்பெனிப் பெயரையும் முகவரியையும் அடிப்பேன். அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே வேறு இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று நீளமான இங்கிலீஷ். இன்னொன்று முழுக்கப் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. சாப்ட்வேரில் 'இது பற்றி' என்ற பட்டனை அமுக்கினால் அந்தப் பெயர்கள்தான் வரும்.

எறும்பு ஓடிய மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரர் கேட்டார் என்று ஏற்றிக் கொடுக்கப் போனேன். அவருக்கும் காலாவதித் தேதிதான் பிரச்சினை. அங்கே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெயர்களைத் திறந்து பார்த்தேன். ஏழெட்டுப் பெயர்தான் படித்திருப்பேன். எல்லாம் அயல்நாட்டுப் பெயர். அடேயப்பா, யாரிடம் திருடினானோ அவர்கள் பெயரைக்கூட எடுக்காமல் விட்டிருக்கிறானே என்று நினைத்தேன். கடைக்காரர் அடுப்பைப் பார்க்க உள்ளே போனார். நான் இரண்டு கோப்புகளையும் அழித்தேன். 'இது பற்றி'யில் பெயர்கள் இருந்த இடத்தில், 'இந்தச் சாப்ட்வேர் முழுவதும் எங்கள் நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு' என்று அடித்து, கீழே நம் கம்பெனிப் பெயரைப் போட்டேன். செட்டியார்பட்டிக்கும் போய் அதையே செய்தேன். அதன் பிறகு ஏற்றிய இடங்களிலெல்லாம் அப்படித்தான் செய்தேன். உங்கள் மாமாவிடம் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. உங்கள் அம்மாவின் தம்பி ஆயிற்றே.

இன்னொன்றும் செய்தேன். செட்டியார்பட்டி முதலாளி ஒரு நாள் பேச்சுவாக்கில், "அன்னைக்கு ஒரு எறும்பு வந்துச்சே, அதை எங்க வெளிநாட்டுப் பார்ட்டி ஆபீஸ்லயும் வச்சிருக்கான்யா. பெரிய சாப்ட்வேராம். நீங்க அதுக்கு ஏஜென்ட்டா?" என்று கேட்டார். எனக்கு மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. பம்பு செட் கடை, பெயின்ட் கடை எல்லாவற்றிலும் போர்டில் பெரிய கம்பெனியின் சின்னத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். போட்டால் மரியாதை, திருட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அச்சகத்தில் சொல்லி நோட்டீஸ் அடித்தேன். இடது பக்கம் நாய், வலது பக்கம் எறும்பு, நடுவில் 'அங்கீகாரம் பெற்றது'. யார் அங்கீகரித்தார்கள் என்று அச்சகத்துக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செட்டியார்பட்டியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நானே கொடுத்தேன். நம் அறைக்கு ஒரு கட்டுகூடக் கொண்டு வரவில்லை, வீட்டுப் பரணில் வைத்தேன்.

இதற்குள் உங்கள் மாமாவின் போக்கு மாறிவிட்டது. நான் படியேறி வந்தால் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டான். போன் வந்தால் வெளியே போய் மெதுவாகப் பேசினான். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறவன், வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டான். நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

"ஏங்க, தம்பி ஏன் வர மாட்டேங்கான்?" என்று உங்கள் அம்மாவும் கேட்டாள்.

"மடியில கனம். அதான் நம்ம மூஞ்சியப் பாக்க முடியல அவனால" என்றேன்.

"என்ன கனம்? எதையும் முழுசாச் சொல்லவே மாட்டீங்களா?"

"நேரம் வரும்போது சொல்லுதேன்."

"நீங்க இப்படிப் பேசுனாலே எனக்குப் பயமா இருக்கு. போன தடவ இப்படித்தான் கேஸ்காரன் சிலிண்டர மாத்திட்டான்னு மூணு நாள் ஏஜென்சிக்கு நடந்தீங்க. கடைசில பாத்தா நம்ம ரெகுலேட்டர்தான் லீக்கு."

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனாலும் சிலிண்டர் வேறு, இது வேறு என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் செட்டியார்பட்டியிலிருந்து போன் வந்தது. அவர்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க ஓர் ஆள் வந்திருக்கிறார். அவர் எங்கள் சாப்ட்வேரைப் பார்த்திருக்கிறார். 'இது பற்றி' பட்டனை அமுக்கியிருக்கிறார். மேசையில் கிடந்த எறும்பு நோட்டீஸைக் கையில் எடுத்துப் போட்டோ பிடித்திருக்கிறார். "சாப்ட்வேருக்கு லைசென்ஸ் சரியில்லன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டுப் போயிட்டான்யா. பதினஞ்சு நாள்ல சரி பண்ணிருங்க. இல்லைன்னா உங்க நாயை அவுத்து விட்டுருவேன்" என்றார் முதலாளி. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

தரம் பார்க்க வந்த ஆள் போட்டோவை அனுப்பியிருப்பார் போல, அடுத்த நாளே எறும்புக்காரர்களிடமிருந்து கம்பெனி மெயிலுக்குக் கடிதம் வந்தது. நான் வருவதற்கு முன்பே உங்கள் மாமா அதைப் படித்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"பேரையும் லைசென்ஸையும் எடுத்துட்டோம்ங்காங்க. எறும்பைப் போட்டு நோட்டீஸ் அடிச்சிருக்கோம்ங்காங்க. நான் எதையும் எடுக்கலியே அத்தான்" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

நடிக்கிறான் என்று நினைத்தேன். எவ்வளவு இயல்பாக நடிக்கிறான்!

"அப்ப தானா போயிருக்கும்" என்றேன்.

"தானா எப்படிப் போகும்?"

"எனக்கென்ன தெரியும், நீதான கம்ப்யூட்டர் படிச்சவன்."

அவன் லேப்டாப்பை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். நான் அந்தக் கடிதத்தைப் பிரின்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்தேன்.

அன்று வீட்டில், "உன் தம்பி ஒரு திருட்டுச் சரக்கைக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டான். கம்பெனி என் பேருல இருக்கு, போலீஸ் வந்தா என்னத்தான் கூட்டிட்டுப் போவான்" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு, "அவன் எங்க அம்மாகிட்ட காசு எடுத்தாக்கூட எடுத்தேன்னு சீட்டு எழுதி வச்சிட்டுப் போவான். அவன் திருட மாட்டான். நீங்க வக்கீலப் பாக்கணும்னா பாருங்க. ஆனா அவன் திருடலைன்னு ஆச்சுன்னா, நீங்களே அவன் வீட்டுக்குப் போயிக் கூப்பிட்டு வரணும்" என்றாள்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். ஒரே மாதிரிப் பெயர், ஒரே மாதிரி டப்பா என்று கடைக்காரர்கள் போடும் வழக்குகளை நிறையப் பார்த்தவர் என்று கேள்வி. அவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன்.

"எனக்கு ஒரு பேப்பர் எழுதித் தாங்கம்மா. என் மச்சினன் திருடுனதுக்கு நான் பொறுப்பில்லை, இன்னையோட கூட்டு முறிஞ்சுதுன்னு."

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அண்ணாச்சி, இதுல திருட்டுன்னே எங்கயும் இல்லியே" என்றார்.

"பொறவு எதுக்கு எழுதியிருக்கான்?"

"எடுத்ததுக்கோ மாத்துனதுக்கோ வித்ததுக்கோ அவங்க ஒரு வார்த்தை சொல்லல. நல்லா வித்துக்கிடுங்கன்னுதான் இருக்கு. ரெண்டு விசயம்தான் கேக்காங்க. ஒண்ணு, செஞ்சவங்க பேரையும் லைசென்ஸையும் எடுத்திருக்கீங்க, திரும்ப வைங்க. ரெண்டு, எங்க எறும்பை நீங்க போடக் கூடாது. அது எங்க அடையாளம்."

"சரக்கை எடுத்துக்கிடலாம், படத்தை எடுக்கக் கூடாதா? இது என்னம்மா நியாயம்?"

"இந்த ஊருல இருந்துக்கிட்டு இதைக் கேக்கீங்களே" என்றார் அவர். "பாலையும் சீனியையும் போட்டுக் கிண்டுறதுக்கு யாரும் யாருகிட்டயும் கேக்க வேண்டாம். பக்கத்துக் கடை டப்பாவுல அடைச்சு வித்தா என்கிட்ட கேஸு வருது. அம்புட்டுதான்." பிறகு கையை நீட்டினார். "சாப்ட்வேரோட லைசென்ஸ் பேப்பர் இருக்கா? கூடவே வந்திருக்குமே."

"இல்ல."

"மச்சினர் எடுத்துட்டாரா?"

வாயைத் திறந்தேன். 'ஆமா' என்று சொல்லத்தான் திறந்தேன். அப்போது என் கை எனக்கு நினைவு வந்தது. பால்கோவாக் கடையில் அழிக்கிற பட்டனை அமுக்கிய கை. அந்தக் கடை இங்கிருந்து நான்கு தெரு தள்ளித்தான். எவ்வளவோ நாளாக என் மனதில் அவன் திருட்டு மட்டும்தான் இருந்ததே தவிர, நான் அழித்தது ஒரு செயலாகவே பதிந்திருக்கவில்லை. அது சுருளிலிருந்து சீட்டை அறுக்கிற மாதிரி. யாராவது அதைக் கணக்கில் வைப்பார்களா?

"அதை நான்தாம்மா அழிச்சேன்" என்றேன்.

"பேரையும்?"

"பேரையும்."

"எறும்பு?"

"மச்சினன் அதை எடுத்துட்டான். நோட்டீஸ்ல போட்டது நான்."

வக்கீலம்மாவின் குமாஸ்தா அதுவரை ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"வைக்க வேண்டியதை எடுத்துட்டு, எடுக்க வேண்டியதை வச்சிருக்கீங்க" என்றார் வக்கீலம்மா. "நீங்க கேட்ட பேப்பரை எழுதித் தாரேன் அண்ணாச்சி. தப்புப் பண்ணுனவர் பேருன்னு ஒரு இடம் வரும். அதுல யார் பேரைப் போட?"

குமாஸ்தா சிரித்துவிட்டார். நான் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன். வக்கீலம்மா தன் போனிலேயே அந்த லைசென்ஸைத் தேடி எடுத்துப் படித்துச் சொன்னார். மாற்றி விற்கலாம். செய்தவர் பெயரும் லைசென்ஸும் கூடவே போக வேண்டும். வாங்குகிறவர் கேட்டால் உள்ளே எழுதியது முழுவதையும், நாம் சேர்த்ததையும்கூட, கொடுக்க வேண்டும். "இதுல ஒளிச்சு மறைக்க ஒண்ணுமில்ல. ஒளிச்சாத்தான் தப்பு" என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது, "போயி மொதல்ல மச்சினரப் பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

ராஜபாளையம் திரும்பும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்போதும் எனக்கு ஒரு மூலையில் சந்தேகம் தீரவில்லை. சரி, பெயரை நான் அழித்தேன். அப்படியானால் அவன் ஏன் திரையைத் திருப்பி வைத்தான்? ஏன் வீட்டுக்கு வரவில்லை?

மாடிப்படி ஏறினேன். உங்கள் மாமா உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இத்தனை நாளில் முதல் தடவையாகத் திரையை என் பக்கம் திருப்பினான்.

"இதைப் பாருங்க அத்தான்."

திரையில் இரண்டு பக்கம். இடது பக்கம் அந்த நீளமான பெயர்ப் பட்டியல். வலது பக்கம் நான் அடித்த ஒற்றை வரி, 'முழுவதும் எங்கள் நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு'.

"இடது பக்கம் நான் உங்ககிட்ட குடுத்தது. வலது பக்கம் பால்கோவாக் கடையில இருக்கது. ரெண்டு மாசம் முன்னாடி அவியளுக்கு ஏதோ ரிப்பேருன்னு போனப்பப் பாத்தேன். இடது பக்கத்துல கடைசி வரியப் படிங்க."

படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. அவன் பெயர். முன்னெழுத்தோடு, உங்கள் தாத்தா பெயரின் முதல் எழுத்தோடு.

ஏழெட்டுப் பெயர் படித்துவிட்டு மொத்தத்தையும் அழித்திருக்கிறேன். கடைசி வரைக்கும் போயிருந்தால் பார்த்திருப்பேன்.

"யாரு சேத்து எழுதினாலும் அவங்க பேரையும் அதுல போடலாம். நானும் போட்டேன்" என்றான். "கம்பெனி உங்க பேருல. சாப்ட்வேருல இருந்த என் பேரையும் எடுத்துட்டீங்க. 'எங்கள் சொந்தத் தயாரிப்பு'ன்னு வேற. என்ன நினைப்பேன் நான்? என்னைக் கழட்டி விட்டுட்டு நீங்களே விக்கப் போறீங்கன்னு நினைச்சேன். அதான் நீங்க வந்தா ஸ்கிரீனைத் திருப்பிக்கிட்டேன். சென்னையில ஒரு பிரெண்டுட்ட கேட்டுக்கிட்டிருந்தேன், இப்படி ஆச்சுன்னா என்ன செய்யன்னு."

"ஏலே மாப்ள, நான் உன்னையத் திருடன்னு நினைச்சேன்."

"தெரியும். அக்கா போன்ல சொல்லிட்டா."

"எப்ப?"

"நீங்க பஸ் ஏறுன ஒடனே."

"அப்ப நீ என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டு, சுருள், சட்டைப் பையில் குத்திய குண்டூசி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு அதெல்லாம் தெரியாது. முழுவதும் கேட்டுவிட்டு, "இவங்க என்ன பிளீச்சிங் பட்டறைக்காரங்களா அத்தான், அறுத்துப் போடுறதுக்கு?" என்றான். சிரித்தானா கோபப்பட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து இருவருமாகச் சாப்ட்வேர் போட்ட இடங்களுக்கெல்லாம் போனோம். பெயர்களையும் லைசென்ஸையும் திரும்ப வைத்தோம். நான் அடித்த வரியை நானே அழித்தேன், மாமா பக்கத்தில் நின்று பார்த்தான். எறும்பு நோட்டீஸ்களைத் திரும்ப வாங்கினோம். பரணில் இருந்த கட்டும் சேர்ந்து நிறைய மிஞ்சியது. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் நீங்கள் கணக்குப் போட்டுப் பார்க்க உங்கள் அம்மா எடுத்துக் கொடுத்தாள். தாளைத் திருப்பினால் எறும்பு இருக்குமே, நினைவிருக்கிறதா?

செட்டியார்பட்டியில் முதலாளி 'இது பற்றி'யைத் திறந்து கீழே கீழே போய்க்கொண்டே இருந்தார்.

"யாருய்யா இவனுக எல்லாம்?"

"செஞ்சவிய அண்ணாச்சி."

"இம்புட்டுப் பேரா? அப்ப நீங்க செய்யலியா?"

"இவிய செஞ்சதுக்கு மேல நாங்க செஞ்சிருக்கோம். உங்களுக்கு வேணும்னா உள்ள எழுதுனது பூராவும் குடுப்போம்."

"அதை வச்சு நான் என்ன செய்ய, பொட்டணம் மடிக்கவா?" என்றவர், கடைசி வரியில் நின்றார். "இது உங்க மச்சினன்ல? கடைசில போட்டிருக்கீங்க. பந்தியில எடம் கெடைக்காத மாதிரி."

"கடைசியா வந்தவன் கடைசியிலதான் அண்ணாச்சி உக்காரணும்" என்றான் மாமா.

எறும்புக்காரர்களுக்கு மாமா கடிதம் எழுதினான். தவறு எங்களுடையது என்று எழுதினான், யாருடையது என்று எழுதவில்லை. இரண்டு வரியில் நன்றி சொல்லிப் பதில் வந்தது. இவ்வளவுதானா, இதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமோ என்று நான் அந்த இரண்டு வரியை வக்கீலம்மாவிடம் மறுபடி கொண்டுபோனேன். அவர் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அதோடு நான் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய் உங்கள் மாமாவைக் கூட்டி வந்தேன். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்தான். சின்னவன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தான். உங்கள் அம்மா எங்கள் இரண்டு பேர் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

சுவரில் உள்ள தாள் அந்தப் பட்டியல்தான். நான்தான் ஒட்டினேன். அதில் உன் பெயர் ஏன் இல்லை அப்பா என்று பெரியவள் கேட்பாள், எனக்குத் தெரியும். மாமா என்னிடம், "பேண்டேஜ் தொழில்ல புழங்குற சொல்லெல்லாம் நீங்கதான சொன்னீங்க, உங்க பேரையும் சேக்கேன்" என்றான். வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் அதில் ஒருவர் பெயரும் இல்லாமல் செய்தவன் நான். கொஞ்ச நாள் போகட்டும்.

இப்போதும் புது இடத்துக்குப் போகும்போது மாமா பென் டிரைவில் போட்டு என்னிடம்தான் தருகிறான். கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு நகல் எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்கிறான். நான் பார்க்கவில்லை என்று அவன் நினைக்கிறான். எடுத்துக்கொள்ளட்டும். போன இடத்தில் ஏற்றி முடித்ததும் 'இது பற்றி'யைத் திறந்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுகிறேன்.